சிம்கோ ஏரியில் பாஸ் மீனும் பைக் மீனும்: எப்போது, எங்கே, ஏன்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். நீங்கள் கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து இரண்டு வருடம். ஊரில் வவுனிக்குளத்தில் தூண்டில் போட்டு விரால் பிடித்த ஆள். மே மாதக் கடைசியில் ஒன்ராறியோவின் சிம்கோ ஏரிக்கரையில் நின்று ஒரு நல்ல ஸ்மோல்மவுத் (சிறுவாய்) பாஸ் பிடித்திருக்கிறீர்கள். பக்கத்தில் நின்றவர், இது இப்போது கூடாது, உடனே விடு என்று சத்தம் போட்டிருக்கிறார். ‘எப்படியும் விடத்தானே போகிறேன், பிடித்தால் என்ன குற்றம்? பாஸ், பைக் இரண்டையும் வருடத்தில் எப்போது, ஏரியில் எங்கே தேடுவது?’ இதுதான் கேள்வி.

விரால் பிடித்தவருக்கு இதை விளக்குவது சுலபம். குளத்தில் செக்கச்செவேலென்று ஒரு குஞ்சுக் கூட்டம் மேலே வந்து வந்து மூச்சு வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே பெரிய விரால் நிற்கும். அந்த நேரத்தில் அதன் மூக்குக்கு முன்னால் எதை இழுத்தாலும் பாய்ந்து அடிக்கும். பசியால் அடிப்பதில்லை, பிள்ளைக்காக அடிக்கிறது. அந்த விராலைத் தூக்கினால் குஞ்சுகளின் கதி என்ன என்று ஊரில் பெரியவர்கள் சொல்லித்தானே வளர்ந்தோம். பாஸ் மீனும் அதே மாதிரிதான். ஒரேயொரு வித்தியாசம், இங்கே காவல் முழுக்கத் தகப்பனுக்கு.

வசந்தத்தில் தண்ணீர் 15 டிகிரியைத் தாண்டும்போது ஆண் பாஸ் கரையோர ஆழமில்லாத இடத்துக்கு வந்து, வாலால் மணலையும் கல்லையும் ஒதுக்கி, தாம்பாளம் போல ஒரு பள்ளம் செய்யும். பெண் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு இரவு பகல் பாராமல் அங்கேயே நிற்பது ஆண்தான். செட்டையால் விசிறி முட்டையில் அழுக்குப் படியாமல் பார்க்கும், நெருங்கும் மீன்களைத் துரத்தும், குஞ்சு பொரித்த பிறகும் அவை சிதறிப்போகும்வரை கூடவே திரியும். இந்தக் காலத்தில் அது சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

இப்போது நீங்கள் அதைப் பிடித்து, முள்ளைக் கழற்றி, ஒரு படம் எடுத்து, விடுகிறீர்கள். நாலைந்து நிமிடம் ஆகும். அந்த நேரத்துக்குள் கூடு காலியாகிவிடக்கூடும். சிம்கோவில் இதற்கென்றே காத்திருக்கிற ஒரு ஆள் இருக்கிறார்: ரவுண்ட் கோபி, நம்முடைய உழுவை மீனின் இனம். கருங்கடல், கஸ்பியன் கடல் பக்கத்து மீன். கப்பல்களின் அடித்தண்ணீரோடு பேரேரிகளுக்கு வந்து சேர்ந்தது. 2004இல் சிம்கோவில் விழும் பெஃபர்லோ ஓடையில் கண்டார்கள். அடுத்த வருடம் ஓடையில் மருந்துகூடப் போட்டுப் பார்த்தார்கள். பலனில்லை, 2006இல் ஏரிக்குள்ளேயே வந்துவிட்டது. விரல் நீளத்துக்குச் சற்றுக் கூட, கல்லோடு ஒட்டிக் கிடக்கும், முட்டை என்றால் உயிர். தகப்பனைக் கூட்டிலிருந்து எடுத்தவுடன் கோபிகள் உள்ளே புகுவதை ஈரி ஏரியில் ஆய்வாளர்கள் தண்ணீருக்கடியில் பார்த்தே பதிவு செய்திருக்கிறார்கள்.

நானும் வந்த புதிதில் இரண்டு வருடம் நீங்கள் செய்ததையேதான் செய்தேன். ஒருவரும் தடுக்கவில்லை. ஒரு ஜூன் மாதக் காலை, காற்று இல்லை, தண்ணீர் கண்ணாடி. போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கூட்டின் மேல் மீன் நிற்பதே தெரிந்தது. எறிந்தேன், அடித்தது, எடுத்தேன், விட்டேன். திரும்பிப் பார்த்தால் அந்தப் பள்ளத்துக்குள் ஏழெட்டுக் கோபிகள் தலை கீழாக நின்று கொத்திக்கொண்டிருந்தன. நான் விட்ட மீன் களைத்துப்போய், கொஞ்சத் தூரம் தள்ளிப் படகுத்துறை நிழலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. சிம்கோவில் பருவம் திறக்காத மீனை, விடுகிற எண்ணத்தோடு என்றாலும், குறிவைத்துப் பிடிப்பதே குற்றம். வேறு மீனுக்குப் போட்டதில் தற்செயலாக வந்தால், உடனே, படம் கிடம் எடுக்காமல், விட்டுவிட வேண்டும். பாஸ் பருவம் ஜூன் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமை திறந்து நவம்பர் முடிவோடு மூடும். ஒன்ராறியோவை 20 மீன்பிடி மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், சிம்கோ 16ஆம் மண்டலம். ஆனால் மண்டல விதியை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். சிம்கோவுக்கென்று தனி விதிவிலக்குகள் உண்டு. பைக் மீனுக்கான திகதியையும் அந்தப் பகுதியில்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் மாகாண அரசு வெளியிடும் விதிச்சுருக்கத்தில் இரண்டு இடத்தையும் வாசியுங்கள். மாமா சொன்னார், மச்சான் சொன்னான் என்று போய்த் தண்டம் கட்டியவர்கள் நம்மவர்களில் நிறைய.

சரி, ஏரிக்கு வருவோம்.

சிம்கோ ஏறத்தாழ 720 சதுர கிலோமீற்றர். ஸ்காபரோவிலிருந்து 404 நெடுஞ்சாலையில் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் தென்கரையில் நிற்கலாம். இதை ஒரே ஏரியாக நினைக்காதீர்கள், மூன்று ஏரிகளாக நினையுங்கள். தெற்கே நீட்டிக்கொண்டிருப்பது குக்ஸ் விரிகுடா. ஹொலண்ட் ஆறு இங்கேதான் விழுகிறது. ஆழம் குறைவு, அடியில் சேறு, கோடையில் பாசியும் நீர்ச்செடியும் காடாக வளரும். லார்ஜ்மவுத் (பெருவாய்) பாஸுக்கும் பைக்குக்கும் இதுதான் வீடு. மேற்கே பாரி நகரம் வரை போவது கெம்பன்ஃபெல்ட் விரிகுடா. நடுவில் 40 மீற்றர் வரை ஆழம், குளிர்ந்த தண்ணீர், ஏரி ட்ரவுட் மீனின் இடம். மூன்றாவது, நடு ஏரி. ஜோர்ஜினா தீவு, ஃபொக்ஸ் தீவு, ஸ்னேக் தீவு, வடகிழக்கே தோரா தீவு, இவற்றைச் சுற்றியும் இடையிலும் தண்ணீருக்கடியில் கற்பார்கள். ஸ்மோல்மவுத் பாஸுக்குப் பெயர்போனது இந்தப் பார்களால்தான்.

வடக்கு முனையில் ஒரிலியாவுக்குப் பக்கத்தில் அதர்லி என்ற ஒடுக்கமான கால்வாய் வழியாகத் தண்ணீர் கூச்சிச்சிங் ஏரிக்குப் போகிறது. மீன் பிடிக்காவிட்டாலும் அந்த இடத்தை ஒருதரம் போய்ப் பாருங்கள். அங்கே தண்ணீருக்கடியில் மரக்குச்சிகள் நட்டு மீனை வழிமறித்த அடைப்புகளின் மிச்சம் இருக்கிறது, 4,500 வருடங்களுக்கு மேற்பட்டது. நம்முடைய யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் கம்பு நட்டுச் சிறகுவலை கட்டுவதை ஞாபகப்படுத்தும். 1615இல் சம்ப்லேன் என்ற பிரெஞ்சுக்காரர் வந்தபோதும் பழங்குடி மக்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள், பார்த்து எழுதி வைத்திருக்கிறார். மொஹாக் மொழியில் ‘தண்ணீருக்குள் மரங்கள் நிற்கும் இடம்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்துதான் ரொறன்ரோ என்ற பெயர் வந்தது என்பது பலரும் ஏற்கிற விளக்கம். பழைய பிரெஞ்சு வரைபடங்களில் சிம்கோ ஏரிக்கே அந்தப் பெயர். நாம் குடியிருக்கிற நகரத்தின் பெயரே ஒரு மீன் அடைப்பின் பெயர் என்றால் பாருங்கள்.

எப்போது, எங்கே என்பதற்கு நான் வைத்திருக்கும் ஒரே கருவி பத்து டொலர் தண்ணீர் வெப்பமானி. கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பேன். ஒரு வருடம் பனிக்கட்டி மார்ச்சில் உடையும், இன்னொரு வருடம் ஏப்ரல் நடுவிலும் கிடக்கும். நாட்காட்டி சட்டத்துக்குத்தான். மீன் பார்ப்பது தண்ணீரின் சூட்டை.

பனிக்கட்டி உருகியவுடன் முதலில் நகர்வது பைக். தண்ணீர் 4 டிகிரி, 5 டிகிரி இருக்கும்போதே ஆற்று வாய்களுக்கும், வெள்ளம் ஏறிய புல்தரைகளுக்கும், நாணற்காட்டுக்கும் போய், போன வருடத்துச் செத்த புல்லில் ஒட்டும்படி முட்டையைச் சிதறிவிட்டுப் போய்விடும். காவல், கூடு, ஒன்றும் கிடையாது. பாஸின் நேரெதிர் குணம். அதனால் பைக்கின் பிழைப்பு முழுக்க அந்தப் புல் ஈரமாகக் கிடப்பதில்தான் இருக்கிறது. சதுப்பை நிரப்பி வீடு கட்டினால் பைக் குறைவது இதனால்தான். ஹொலண்ட் ஆற்றுப் பக்கத்தில் பெரும் சதுப்பு ஒருகாலத்தில் வடிக்கப்பட்டு மரக்கறித் தோட்டமானது. நாம் வாங்குகிற கரட்டும் வெங்காயமும் அங்கேயிருந்தும் வருகின்றன, குறை சொல்லவும் வாய் வரவில்லை.

மே நடுவுக்குப் பிறகு முட்டையிட்டுக் களைத்த பைக் உடம்பு தேற்றிக்கொள்ள அதே ஆழமில்லாத விரிகுடாக்களில் சுற்றும். தண்ணீர் 10 முதல் 15 டிகிரி. கரையில் நின்று பிடிக்கிறவருக்கு வருடத்தில் இதைவிட நல்ல காலம் இல்லை. காலையில் அவசரப்பட்டு எழும்பத் தேவையில்லை. வெயில் ஏறி, வடகரையோரத் தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரி கூடும் மத்தியானந்தான் பைக் சுறுசுறுப்பாகும். புதிதாக முளைக்கும் பச்சைச் செடி எங்கே என்று பாருங்கள். அதன் விளிம்புக்குச் சமாந்தரமாக கரண்டி வடிவச் செயற்கை இரை ஒன்றை (லூர் என்பார்கள்), சிவப்பு வெள்ளைப் பட்டை போட்டதே போதும், மெதுவாக இழுங்கள். நடுவில் இரண்டு செக்கன் நிறுத்துங்கள், அது ஆடிக்கொண்டு கீழே போகட்டும். முக்கால்வாசி அடி அந்த நிறுத்தத்தில்தான்.

பைக்கின் உடம்பைப் பார்த்தால் ஏன் என்று புரியும். வாத்துச் சொண்டு போல வாய், உச்சந்தலையில் கண், முதுகுச் செட்டை வாலுக்குக் கிட்ட. துரத்தி ஓடும் உடம்பு இல்லை, அம்பு மாதிரி ஒரேயொரு பாய்ச்சலுக்குச் செய்த உடம்பு. செடிக்குள் அசையாமல் நின்று, இரை தடுமாறும் நொடிக்காகக் காத்திருக்கும். ஊரில் சீலா மீனின் வாயைப் பார்த்திருப்பீர்களே, பல் அந்த ரகம். இதனால் ஒரு விடயத்தில் நான் பிடிவாதம்: கம்பித் தொடுப்பு இல்லாமல் பைக்குக்குத் தூண்டில் போடாதீர்கள். தங்கூசியோடு லூரை நேரே கட்டினால் ஒரு கடியில் அறுத்துக்கொண்டு போய்விடும். உங்களுக்குப் போவது பதினைந்து டொலர் லூர். மீனுக்குத்தான் தொல்லை, வாயில் மூன்று கொக்கி முள் இரண்டு தொங்க, வாயை மூட முடியாமல் அலையும். நான் அப்படி ஒரு பெரிய மீனை விட்டிருக்கிறேன். ஒரு மீற்றர் இருக்கும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், விட்ட மீன் எல்லாருக்கும் பெரிதுதான். 30 செ.மீ. உருக்குக் கம்பித் தொடுப்பு, 30 இறாத்தல் பின்னல் நூல், ஏழடித் தடி. இதற்கு மேல் தேவையில்லை.

கடையில் தடி வாங்கும்போதே நீள மூக்குக் குறடு ஒன்றும், முள்ளை வெட்டும் வெட்டுக்குறடு ஒன்றும் வாங்குங்கள். பைக்கின் செவுளுக்குள் முள் போய்விட்டால் இழுத்துப் பார்க்காமல் வெட்டிவிடுவதே நல்லது. வீட்டிலேயே முள்ளின் எதிர்முனையைக் குறட்டால் நசுக்கி வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொரு எச்சரிக்கை. பைக் போலவே தோற்றமுள்ள மஸ்கி என்ற மீனும் சிம்கோவில் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த ஏரியில் அழிந்துபோக, வளர்த்துக் கொண்டுவந்து மறுபடி விட்டிருக்கிறார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் பெரிய சிக்கல். கரும்பச்சை உடம்பில் வெளிர்ப் புள்ளி என்றால் பைக். வெளிர் உடம்பில் கரும் பட்டையோ புள்ளியோ என்றால் மஸ்கி. சந்தேகமாக இருந்தால் கீழ்த்தாடையைத் திருப்பிப் பார்த்து ஒரு பக்கத்துச் சிறு துளைகளை எண்ணுங்கள். ஐந்து, அதற்குக் குறைவு என்றால் பைக். ஆறு, அதற்கு மேல் என்றால் மஸ்கி. அப்போதும் சந்தேகம் என்றால் விட்டுவிடுங்கள்.

ஜூன் கடைசியில் பாஸ் திறக்கும். அந்த முதல் சனிக்கிழமை ஏரியில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. நான் திங்கட்கிழமை போகிற ஆள். அப்போது தகப்பன்மார் பலர் காவல் முடித்து, நல்ல பசியோடு முதல் ஆழத்துக்கு இறங்கியிருப்பார்கள், மூன்று முதல் ஐந்து மீற்றர். குளிர் நீடித்த வருடங்களில் சில ஆண்கள் இன்னமும் கூட்டில் நிற்கும். சட்டப்படி பிடிக்கலாம். நான் அவற்றுக்கு எறிவதில்லை.

இரண்டு பாஸையும் பிரித்தறிவது கடினமில்லை. வாயை மூடிப் பாருங்கள். மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் லார்ஜ்மவுத். கண்ணுக்கு நேரே நின்றால் ஸ்மோல்மவுத். முன்னது பச்சை, பக்கத்தில் ஒரு கரும்பட்டை நீளமாக ஓடும். பின்னது வெண்கல நிறம், பட்டைகள் மேலிருந்து கீழாக. குணமும் வேறு. லார்ஜ்மவுத் செடி, மரம், படகுத்துறை நிழல் என்று மறைவு தேடும். ஸ்மோல்மவுத்துக்குக் கல்லும் தெளிந்த தண்ணீரும் வேண்டும். பிடித்தால் இரண்டுதரமாவது தண்ணீரை விட்டு மேலே குதிக்கும், எடைக்கு எடை இதைப்போலச் சண்டை போடும் மீனை நான் இந்த நாட்டில் கண்டதில்லை.

முன்பு திட்டிய கோபியைப் பற்றி இங்கே ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தான் வேண்டும். முட்டையைத் தின்கிற அதே கோபியைப் பெரிய ஸ்மோல்மவுத் தின்று கொழுக்கிறது. கோபி வந்த பிறகு சிம்கோவின் ஸ்மோல்மவுத் உடம்பு வைத்துவிட்டது, இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட மீன் இப்போது அதிசயமில்லை. 1990களில் வந்த வரிக்குதிரை மட்டி இன்னொரு மாற்றம் செய்தது. தண்ணீரை வடிகட்டி வடிகட்டித் தெளிய வைத்துவிட்டது. வெளிச்சம் ஆழம் வரை போவதால் செடி ஆழம் வரை வளர்கிறது, மீனும் உங்களைத் தூரத்திலேயே கண்டுவிடுகிறது. அதனால் இங்கே தடித்த நூல் வேலை செய்யாது. 10 இறாத்தல் பின்னல் நூலோடு, ஒரு பாகம் நீளத்துக்கு 8 இறாத்தல் ஃபுளோரோகார்பன் தொடுத்துக்கொள்ளுங்கள். குழாய் வடிவ றப்பர் லூர், பச்சையும் மண்ணிறமும் கலந்தது, ஈயத் தலையோடு அடியில் இழுத்தால் பாஸுக்குக் கோபியாகவே தெரியும். உயிருள்ள கோபியை வைத்திருப்பதோ இரையாகப் போடுவதோ சட்டவிரோதம், அந்த யோசனை வேண்டாம். மிஞ்சிய உயிர் இரை எதையும், வாளித் தண்ணீரையும் சேர்த்து, ஏரியில் கொட்டக்கூடாது. கோபி ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் போன வழிகளில் அதுவும் ஒன்று.

ஜூலை, ஓகஸ்ட். மேல்தண்ணீர் 22, 24 டிகிரி. ஆழமான பகுதியில் ஏரி இரண்டு அடுக்காகப் பிரியும், மேலே சூடு, கீழே குளிர், நடுவில் சட்டென்று மாறும் ஒரு கோடு. நீந்தும்போது காலடியில் திடீரென்று சில்லிடுமே, அதுதான். பெரிய பைக்குகள் இந்தச் சூட்டைத் தாங்காமல் ஆழச் செடிகளின் வெளி விளிம்புக்கும் அதற்குக் கீழேயும் போய்விடும். கரையில் கிடைப்பது ‘சுத்தியல் பிடி’ என்று இங்கத்தையவர்கள் கேலி செய்யும் சின்னப் பைக்குகள். கடும் சூட்டில் பைக்கைக் குறிவைப்பதை நான் நிறுத்திவிடுவேன். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, நீண்ட சண்டைக்குப் பிறகு விட்ட பைக் வயிறு மேலே தெரிய மிதப்பதைப் பார்த்தால் மனசு கேட்காது.

ஆனால் லார்ஜ்மவுத்துக்கு இது திருவிழாக் காலம். குக்ஸ் விரிகுடாவில் அதிகாலை, தண்ணீர்மேல் விரித்த பாசிப் படலத்தின் மேலே றப்பர்த் தவளை ஒன்றைத் தத்தித் தத்தி இழுங்கள். படலம் வெடித்துக்கொண்டு வாய் வரும். வவுனிக்குளத்தில் விராலுக்குத் தவளை போட்ட கை உங்களுடையது, பழக்கம் தேவையில்லை. ஒன்று மட்டும்: அடித்தவுடன் இழுக்காதீர்கள். ஒன்று, இரண்டு எண்ணி, தங்கூசி பாரமாகத் தெரிந்த பிறகு வெட்டி இழுங்கள்.

இப்போது எனக்குப் பிடித்த காலம். செப்ரெம்பர் பாதியில் இரவு குளிரத் தொடங்கும். மேல்தண்ணீர் ஆறிக் கனமாகிக் கீழே இறங்க, அடுக்குகள் கலைந்து ஏரி முழுவதும் ஒரே சூட்டுக்கு வரும். இதைத்தான் ஏரி புரள்வது என்பார்கள். புரளும் ஓரிரு வாரம் மீன்பிடி மந்தம். அதற்குப் பிறகு இரண்டு மீனும் குளிர்காலத்துக்காகத் தின்னத் தொடங்கும். பைக் மறுபடி கரையோரம் வரும். செடியெல்லாம் மண்ணிறமாகச் சாகும்போது எங்கே ஒரு துண்டு பச்சையாக மிஞ்சியிருக்கிறதோ அங்கே நிற்கும். அந்தப் பச்சையைக் கண்டுபிடிப்பதுதான் முழு வேலை. ஸ்மோல்மவுத் கூட்டமாகச் சேர்ந்து பார்களின் செங்குத்துச் சரிவில் நிற்கும், ஆறு மீற்றர், எட்டு மீற்றர், நவம்பரில் அதைவிடக் கீழே. ஒன்று அகப்பட்டால் அதே இடத்தில் பத்து இருக்கும்.

ஒன்பது பத்து மீற்றருக்குக் கீழேயிருந்து தூக்கும் பாஸின் காற்றுப்பை வீங்கிவிடும், விட்டாலும் கீழே போக முடியாமல் மிதக்கும். அதனால் ஆழத்தில் கூட்டம் கிடைத்தால் ஆசைக்கு இருபது பிடித்து விடுவதைவிட, வேண்டியதை எடுத்துக்கொண்டு நிறுத்துவது நியாயம்.

இலையுதிர்காலத்தில் காற்றுக்குப் பயப்படுங்கள். வடமேற்கிலிருந்து வாடை திரும்பினால் சிம்கோ அரை மணித்தியாலத்தில் கடலாகிவிடும். சிறிய வாடகைப் படகில் குக்ஸ் விரிகுடாவைத் தாண்டி நடு ஏரிக்குப் போகாதீர்கள். உயிர்காப்பு அங்கியைப் படகின் மூலையில் வைப்பதற்காகத் தரவில்லை, போடுங்கள். 8 டிகிரித் தண்ணீரில் விழுந்தால் ஊரில் குளத்தை நீந்திக் கடந்தவருக்கும் சில நிமிடத்தில் கை மரத்துவிடும். இயந்திரப் படகை ஓட்ட அதற்கான அட்டையும் வேண்டும்.

குளிர்காலத்தில் சிம்கோ ஒரு தனி நகரம். பனிக்கட்டியின் மேல் குடிசைகள் முளைக்கும், பெரும்பாலானோர் பேர்ச் மீனுக்கும் ட்ரவுட்டுக்கும் போகிறவர்கள். நீங்கள் கேட்ட இரண்டில் பாஸ் மூடியிருக்கும். முதல் தரம் போகிறவர் தனியே நடக்காமல் குடிசை வாடகைக்கு விடுபவரோடு போங்கள். தெளிந்த நீலப் பனிக்கட்டி 15 செ.மீ. தடிப்பு இல்லாத இடத்தில் நான் காலே வைப்பதில்லை.

படகு இல்லாதவர் எங்கே நிற்பது என்றும் கேட்டிருந்தீர்கள். ஜாக்சன்ஸ் பொயின்ற்றுக்குப் பக்கத்தில் சிபோல்ட் பொயின்ற் மாகாணப் பூங்கா, பாரி நகரத்து ஏரிக்கரை, கெஸ்விக் பக்கத்துக் கரைப் பூங்காக்கள். கோடை வார இறுதியில் சில பூங்காக்களில் ஊர்க்காரர் அல்லாதவருக்கு வாகனக் கட்டணம் கூட, அறிவித்தலை வாசித்துவிட்டு நிறுத்துங்கள். வீட்டுக்காரரின் தனியார் படகுத்துறையில் ஏறி நிற்காதீர்கள். குப்பையையும் அறுந்த தங்கூசியையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். நம்மவர்கள் சோற்றுப் பார்சலை விட்டுவிட்டுப் போனதால் எங்கள் எல்லாருக்கும் கரை மூடப்பட்ட கதையை நான் நேரில் அனுபவித்திருக்கிறேன்.

உரிமம்: 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு ‘அவுட்டோர்ஸ் கார்ட்’ என்ற அட்டையும் மீன்பிடி உரிமமும் வேண்டும். உரிமத்தில் இரண்டு வகை. முழு உரிமத்தில் இங்கே பாஸ் ஒரு நாளைக்கு ஆறு வைத்திருக்கலாம், மலிவான பாதுகாப்பு உரிமத்தில் இரண்டு. நான் மலிவானதே எடுக்கிறேன், இரண்டு மீன் ஒரு கறிக்குத் தாராளம். அம்மாவைக் கூட்டிப்போக விரும்பினால் 65 தாண்டியவருக்கு உரிமம் தேவையில்லை, வயதைக் காட்டும் அடையாள அட்டை போதும். பெப்ரவரி குடும்ப நாள், அன்னையர் தினம், தந்தையர் தினம் ஆகிய வார இறுதிகளிலும், கனடா தினத்தை ஒட்டிய ஒரு வாரத்திலும் கனடாவில் வசிப்பவர்கள் உரிமம் இல்லாமலே பிடிக்கலாம். அந்த நாட்களிலும் பருவமும் எண்ணிக்கையும் மாறாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஆனால் வீட்டில் கேட்கப்போகிற கேள்வி: சாப்பிடலாமா? சாப்பிடலாம், அளவோடு. பைக்கும் பாஸும் மற்ற மீனைத் தின்னும் மீன், வயது ஏற ஏறப் பாதரசம் உடம்பில் சேரும். எந்த ஏரியில், எந்த மீன், எவ்வளவு நீளம் என்றால் மாதத்துக்கு எத்தனை தரம் என்று மாகாண அரசே இலவசமாக அட்டவணை தருகிறது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் தனியாகக் கணக்கு இருக்கிறது, அதைப் பாருங்கள். நான் எடுப்பது சின்னதும் நடுத்தரமும். பெரிய பைக் அனேகமாக எல்லாம் பெண், வயிற்றில் அடுத்த வருடத்து முட்டை, தசையில் பாதரசம். எந்தப் பக்கம் பார்த்தாலும் அது தண்ணீரில் இருப்பதே நல்லது.

பாஸைப் புளியும் மிளகும் தூக்கலாகப் போட்டுக் குழம்பு வையுங்கள், ஏரி வாடை போய்விடும். பைக்கில் தசைக்குள் கவட்டை வடிவ முள் ஒரு வரிசை ஓடும், குழம்பில் போட்டால் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். முதலில் வினாகிரி தடவி வழுவழுப்பைக் கழுவுங்கள். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, ஆறவிட்டு, கையால் உதிர்த்தால் முள் தானாகத் தனியே வரும். அப்புறம் உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஊரில் ரின் மீனுக்குச் செய்கிற அதே கைப்பக்குவம். எங்கள் வீட்டில் பைக் என்று சொன்னால் ஒருவருக்கும் தெரியாது, ‘கட்லட் மீன்’ என்றால்தான் தெரியும்.